ஒரு லிட்டரிலிருந்து எட்டு லிட்டர் வரை

ஏற வேண்டிய கோடு ஏறவில்லை. திரையில் அது நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. பிரகதீஸ்வரி கணக்கை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். ஒரு லிட்டரில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் கெல்வின். நான்கு லிட்டரில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். எட்டு லிட்டரிலும் அதே ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். முப்பத்தாறு வயதுப் பெண், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், திருத்தாத விடைத்தாள் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணினியைப் பார்த்து "நாசமாப் போ" என்று சொல்வது அழகில்லைதான். ஆனாலும் சொன்னாள். அந்த வாரத்தில் அது நான்காவது முறை.

விஷயம் இதுதான். புதுக்கோட்டைக்கு வெளியே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில், கடைசி அறையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதற்குள் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரத்தைக் கொடுத்தால், குழாயின் முனையில் விரல் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு சுடர் நீட்டும். பிளாஸ்மா என்று அதற்குப் பெயர். விரலை வைத்தால் சுடாது, வெதுவெதுவென்று இருக்கும். ஆனால் அந்த ஒரு சுடருக்குள் இரண்டு சூடு உண்டு. வாயுவின் அணுக்கள் கனத்தவை. நாற்பது டிகிரியில் சிவனே என்று கிடக்கும். அவற்றுக்கு நடுவே ஓடும் எலக்ட்ரான்களுக்கோ ஆயிரக்கணக்கில் சூடு. கல்யாண மண்டபத்தில் பெரியவர்கள் நாற்காலியை விட்டு அசையாமல் இருக்க, பிள்ளைகள் மட்டும் கால் தரையில் பாவாமல் ஓடுமே, அந்த மாதிரி.

எலக்ட்ரானின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் கிடையாது. சுடரின் வெளிச்சத்தை ஒரு சின்ன லென்ஸ் வழியாகப் பிடித்து, ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெட்டிக்குள் அனுப்பி, நிறம் நிறமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். சிவப்போடு ஒப்பிடும்போது நீலம் எவ்வளவு பலமாக இருக்கிறதோ, எலக்ட்ரான்கள் அவ்வளவு சூடு என்று கணக்கு. பிரகதீஸ்வரி ஏழு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். "ஏழு வருசமா ஒரு வெளக்கோட சூட்டத்தான பாத்துக்கிட்டு இருக்க" என்று இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் பாலாஜி கேலி செய்வான். முதல் மூன்று வருடம் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளுடைய கைடு பேராசிரியர் ஆவுடையப்பன். வாயுவை அதிகமாகத் திறந்துவிட்டால் எலக்ட்ரானின் சூடு படிப்படியாக ஏறும் என்று பத்து வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கட்டுரை அது. அந்தச் சுடரை நிலக்கடலை விதையில் காட்டினால் முளைப்பு எப்படி மாறுகிறது என்று சேர்த்துப் பார்ப்பது பிரகதீஸ்வரியின் ஆராய்ச்சி. அக்டோபர் முதல் வாரம் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு. சூட்டை அளந்து, கந்தர்வக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த விதைக்கு அந்தச் சுடரைக் காட்டி, தட்டில் ஊன்றி, ஏழு நாள் முளையை எண்ணினாள். அடுத்த வாரம் இரண்டு லிட்டர். அதற்கடுத்த வாரம் மூன்று. இப்படி எட்டு வாரத்தில் எட்டு லிட்டர். சூடு ஆறாயிரத்து இருநூறில் தொடங்கி ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் வரைக்கும், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஏறியது. ஆவுடையப்பன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஏழு வருடத்தில் முதல்முறையாக, "பரவால்லயே" என்றார். கட்டுரையாக எழுதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள்.

ஜனவரி தொடக்கத்தில் பதில் வந்தது. கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர், அவர் யாரோ எந்த ஊரோ, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். எல்லா அளவுகளையும் ஏறுவரிசையில் எடுத்திருக்கிறீர்கள்; வரிசையைக் கலைத்துப் போட்டு இன்னொரு முறை எடுத்துக் காட்டுங்கள். மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். சூட்டை மட்டும் அளப்பதென்றால் ஒரு நாள் வேலை. ஐந்து லிட்டர், இரண்டு, எட்டு, ஒன்று என்று மாற்றி மாற்றித் திறந்தாள். அன்றைக்குப் படுத்த கோடுதான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

படுத்தது கோடு மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். பல்கலைக்கழகத்தின் விதிப்படி, ஒரு கட்டுரையாவது ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அவளுடைய பதிவு ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது. மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குப் பிறகு நீட்டிப்புக் கிடையாது. இந்தக் கட்டுரை போனால் ஏழு வருடமும் போனது, முனைவர் பட்டமும் போனது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் அவளுக்கு இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

அவள் எதையெல்லாம் சந்தேகப்பட்டாள் என்று பட்டியல் போட்டால் அறையில் இருந்த எல்லாமே வரும். முதலில் சிலிண்டர். திருச்சியில் வாயு விற்கிறவரைப் போனில் கூப்பிட்டு, "நீங்க குடுக்குறது ஆர்கான்தானாங்க, இல்ல காத்த அடைச்சுக் குடுக்குறீங்களா?" என்று கேட்டாள். அவர் நொந்துபோய்ச் சான்றிதழை வாட்ஸப்பில் அனுப்பினார். அடுத்து கண்ணாடிக் குழாயை மாற்றினாள். எர்த் கம்பியை மாற்றினாள். மின்வாரியத்தைத் திட்டினாள். வாயுவின் அளவு காட்டும் மீட்டருக்குள் மிதக்கும் சின்னப் பந்து சிக்கிக்கொண்டதா என்று கழற்றி ஊதிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, அவளுடைய தலைவிதி ஒன்றைத் தவிர. எது கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் அதன்மீது கோபப்படலாம். ஒன்றுமே கெடாமல் எல்லாம் கெட்டுப்போயிருந்தால் யார்மீது கோபப்படுவது?

புதன்கிழமை ஆவுடையப்பன் அறைக்குள் வந்தார். மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர். நெற்றியில் திருநீறு, பையில் மூன்று பேனா, முகத்தில் யாரோ தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்கிற நிரந்தரச் சந்தேகம்.

"என்னம்மா, ஏறுச்சா?"

"இல்லீங்க சார்."

"ஒன் கை சரியில்ல. எனக்கு ஏறுச்சே. ஒன்னுல ஆரம்பிச்சு வரிசையா ஏத்திக்கிட்டே போய்ப் பாத்தியா?"

"அப்படியும் பாத்துட்டேன் சார். அப்பவும் படுத்துத்தான் கெடக்கு."

ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மேற்கு வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. "நவம்பர்க் கடைசியில எட்டு லிட்டர ரெண்டு தடவ எடுத்தேல்ல? ரெண்டும் ஒத்துப்போச்சா?"

"போச்சு சார்."

"அப்ப அத ரிப்பீட்டுன்னு போட்டு அனுப்பு. மிச்சத்த எதுக்கு அவன்ட்ட சொல்லிக்கிட்டு? அவன் என்ன இங்க வந்தா பாக்கப் போறான்?"

அவர் போய்விட்டார். அப்படிச் செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். அதைவிட வயிற்றெரிச்சலான விஷயம், அந்த யோசனை அவருக்கு முன்பே அவளுக்கு வந்து, இரண்டு நாள் அவளோடு, அவள் தினமும் ஏறும் திருவரங்குளம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது.

மறுநாள், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், பழைய கோப்புகளைத் திறந்தாள். ஒவ்வொரு வாரமும் வேலை தொடங்கும் முன்னால் ஒரு வெள்ளை விளக்கை லென்ஸுக்கு எதிரே ஏற்றி அதன் ஒளியையும் பதிவு செய்து வைப்பது முறை. பெட்டியின் கண் எல்லா நிறத்தையும் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று சரிபார்க்கத்தான் அது. ஆனால் ஜூன் மாதமே ஒரு தடவை சரிபார்த்தாயிற்று, அந்தக் கணக்கே போதும் என்று ஆவுடையப்பன் சொல்லியிருந்தார். அதனால் எட்டு வாரமும் பதிவு செய்தாளே தவிர, ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. இப்போது எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள். ஒரே விளக்கு, ஒரே லென்ஸ். எட்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பில் ஒட்டிக்கொண்டன. நீலத்தில் விசிறியாக விரிந்தன. அக்டோபர் முதல் வாரம் நீலம் பாதிதான் வந்திருந்தது. அடுத்த வாரம் கொஞ்சம் கூடுதல். கடைசி வாரத்தில் முழு நீலமும் வந்துவிட்டது.

ஏறியது சுடரின் சூடு இல்லை. பெட்டியின் கண்ணை ஏதோ மறைத்திருந்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்கிறது. நீலம் குறைந்தால் சூடு குறைவு என்று கணக்கு சொல்லும். மறைப்பு விலக விலக, சூடு ஏறுவதாகச் சொல்லும். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாரத்துக்கு ஒரு லிட்டராக வாயுவை ஏற்றிக்கொண்டு போனதும், மறைப்பு விலகிக்கொண்டு போனதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன.

லென்ஸைக் கழற்றினாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் கண்ணாடி. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பளிங்காக இருந்தது.

"என்ன மேடம், அதையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே துடைப்பத்தோடு வந்தாள் இன்னாசியம்மாள். இருபது வருடமாகத் துறையில் அட்டெண்டர். பேராசிரியர்கள் தொலைக்கும் சாவிகள் எல்லாம் அவளிடம்தான் இருக்கும்.

"இந்தக் கண்ணாடியில என்னமோ ஒட்டியிருந்துருக்குக்கா. அக்டோபர்ல இருந்து கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கு. என்னன்னுதான் தெரியல."

"பூசைக்கு வச்ச சந்தனமா இருக்கும்."

"எந்த பூசை?"

"ஆயுத பூசைதான், வேற எந்தப் பூசை? மிசினு, சிலிண்டரு, கம்ப்யூட்டரு எல்லாத்துக்கும் வச்சோம்ல."

"அதெல்லாம் சரிக்கா. லென்ஸுல யாரு கொண்டுபோய் வைப்பா? எந்தப் புண்ணியவான் வச்சது?" பிரகதீஸ்வரியின் குரல் ஏறிவிட்டது. கோபப்பட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம்கூட அதில் இருந்தது.

இன்னாசியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீங்கதான மேடம் வச்சீங்க. நான் இங்கிட்டு நின்னு பொரி அள்ளிக்கிட்டு இருந்தேன். மிசினுக்குக் கண்ணு இதானே, இதுக்கும் ஒரு பொட்டு வையின்னு சார்தான் சொன்னாரு. நீங்க வச்சீங்க. அப்புறம் கண்ணாடியில பட்டுருச்சுன்னு முந்தானையால தொடச்சீங்க."

ஞாபகம் வந்தது. பட்டுப் புடவை கட்டியிருந்தாள். மோதிர விரலால் எடுத்து, கண்ணை மூடி, இந்த வருடமாவது முடித்துக் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டு வைத்த பொட்டு அது.

"தொடச்சுட்டேனேக்கா. அப்புறம் எப்படி?"

"தொடச்சா எங்க போவும்? அது சந்தனமா மேடம், முக்கால்வாசி மஞ்சப்பொடி. மஞ்சக் கற தொடச்சா போவாது. வெயில்ல கெடந்தா தன்னால போயிரும். என் சீலையில பட்டத நாலு நாளு கொடியில போட்டேன், இருந்த எடம் தெரியல."

மேற்கு ஜன்னல் வெயில் மேசைமேல், லென்ஸ் இருக்கிற இடத்தில்தான் தினமும் விழும். போதாததற்குச் சுடரிலிருந்து வரும் புற ஊதா வேறு. மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். பிரகதீஸ்வரிக்கும் தெரியும். மஞ்சள் நிறம் நீலத்தைக் குடிக்கும் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அவளே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை.

அலமாரியில் இருந்த உபரி லென்ஸை எடுத்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே சந்தனப் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு பொட்டு வைத்து, முந்தானையால் துடைத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கை ஏற்றினாள். நீலத்தில் பள்ளம் விழுந்தது. சுடரை ஏற்றி, வாயுவை எட்டு லிட்டருக்குத் திறந்தாள். ஆறாயிரத்து நூற்றைம்பது என்று திரை சொன்னது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. ஏழு வருடம் படித்து, இரண்டு முறை நீட்டிப்பு வாங்கி, கடைசியில் மஞ்சள் பொடி வெளுக்கிற வேகத்தை அளந்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்! இன்னாசியம்மாள் ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆவுடையப்பனின் அறையில் விளக்குப் படங்களையும் உபரி லென்ஸின் படத்தையும் வரிசையாகப் பரப்பினாள். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மண்டு என்று மட்டும் சொல்ல முடியாது. அவள் இரண்டு வாக்கியம் முடிக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. படங்களை ஒன்றாக அடுக்கி, மேசையில் தட்டிச் சீர்செய்து, கவிழ்த்து வைத்தார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இன்னாசியக்காவுக்குத் தெரியும் சார். அவங்கதான் கண்டுபிடிச்சாங்க."

"கெட்டது குடி. கேன்டீன் வரைக்கும் போயிருக்கும்." அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எதுக்கும்மா கண்ணாடி மேலயே வச்ச?"

"நீங்கதான் சார் கண்ணுக்கு வையின்னீங்க."

"கண்ணுக்குன்னா ஓரத்துல வைக்கணும். புருவத்துல பொட்டு வைப்பியா, முழியில வைப்பியா?"

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் நேற்றிலிருந்து மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த கேள்வி வேறு. அந்தத் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று கருவிகளுக்குப் பொட்டு வைத்துச் சும்மா விட்டுவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியன்று ஆவுடையப்பன் நல்ல நேரம் பார்த்துப் புது அளவைத் தொடங்கி வைப்பார். தொடக்கம் எப்போதும் ஒன்றிலிருந்து; அடுத்தடுத்து ஏறுமுகமாகத்தான் போக வேண்டும். அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

"சார், ஒங்க பழைய பேப்பருக்கு எந்த மாசம் ரீடிங் எடுத்தீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்த பிறகும் சிறிது நேரம் புரியாதவர்போல இருந்தார். பிறகு எழுந்து, பீரோவைத் திறந்து, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். நின்றபடியே புரட்டினார்.

"அக்டோபர், நவம்பர்," என்றார். "இதே லென்ஸுதான். அப்பவும் கண்ணுக்குப் பொட்டு வச்சோம்."

"வெள்ளை வெளக்கு எடுத்து வச்சிருக்கீங்களா சார்?"

"அப்ப யாரு அதெல்லாம் வாரா வாரம் எடுத்தா?" நோட்டை மூடி மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார். "எழுவத்தி மூனு பேரு அந்தப் பேப்பர மேற்கோள் காட்டியிருக்கான். மே மாசம் பிரிவு உபசாரத்துல அதத்தான் எல்லாரும் பேசப் போறாங்க."

"சொல்லாம இருந்தா தப்பில்லீங்களா சார்?"

"தப்புத்தான். இல்லங்கிறேனா?" அவருடைய குரல் உடைந்து சட்டென்று உரத்தது. "ஒனக்கு டிகிரி வேணுமா வேணாமா, அத மொதல்ல முடிவு பண்ணு."

அந்த ஒரு கேள்விதான் அவளை உசுப்பிவிட்டது. டிகிரிக்காக அவள் எதையும் செய்வாள் என்று அவர் நினைக்கிறார் அல்லவா! அன்று மதியம் பதில் கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். ஒளிவு மறைவு இல்லாமல் எழுதினாள். சூடு ஏறவில்லை, ஏறியதுபோலத் தெரிந்தது, அதற்குக் காரணம் ஒரு பண்டிகையின்போது கட்டுரையின் முதல் ஆசிரியராகிய அவளே தன் கையால் லென்ஸில் வைத்த மஞ்சள் கலந்த சந்தனம் என்று எழுதினாள். விளக்குப் படங்களைச் சேர்த்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக முடித்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே மெய்சிலிர்த்தது. இப்படி ஒரு கடிதத்தை எழுதியவளை யாரும் டிகிரிக்கு அலைகிறவள் என்று சொல்ல முடியாது.

பாலாஜியிடம் போனில் சொன்னாள். அவன் "அனுப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல. சார் பேர்லதான் அனுப்பணும். பாஸ்வேர்டு அவர்ட்டத்தான் இருக்கு."

"அவரு விடுவாரா?"

"எங்க விடுவாரு? அவரு பேப்பரும்ல போயிரும்."

"அப்பறம் என்ன," என்றான் பாலாஜி. அவன் குரலில் இருந்த நிம்மதி அவளுக்கும் இருந்தது. அதை அவள் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கடைசி நாள். மூன்றாவது பீரியடில் அச்செடுத்த கடிதத்தை ஆவுடையப்பனின் மேசைமேல் வைத்தாள். அவர் படித்தார். இரண்டாவது தடவை, பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். பிரகதீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். அவர் என்ன செய்வார் என்று பஸ்ஸிலேயே ஓட்டிப் பார்த்தாயிற்று. கத்துவார். கிழிப்பார். நவம்பர் எண்களை ரிப்பீட் என்று போட்டு அவரே அனுப்பிவிடுவார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்ப்பாள். கைடு கேட்காவிட்டால் ஒரு மாணவி என்ன செய்ய முடியும்?

ஆவுடையப்பன் கடிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்தார். பத்து வருடத்துக்கு முன் வெளியான எங்கள் கட்டுரையும் இதே லென்ஸால், இதே மாதங்களில், இதே வரிசையில் அளந்து எழுதியது. அதையும் நம்ப வேண்டாம். பிறகு கணினியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பாஸ்வேர்டைப் போட்டார். கடிதத்தை ஏற்றினார். அவர் சேர்த்த வரியையும் தட்டினார்.

"மார்ச் முப்பத்தொன்னுதான ஒனக்குக் கடைசி?"

"ஆமா சார்."

"அதுக்குள்ள வேற பேப்பர் வராதும்மா. ஒன் பதிவு போயிரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் மவுஸ்மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வராந்தாவில் இன்னாசியம்மாள் யாரிடமோ சாவியைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் சார் என்ற இரண்டு வார்த்தை பிரகதீஸ்வரியின் தொண்டை வரைக்கும் வந்தது. அவ்வளவு வீரமாக எழுதிவிட்டு எப்படிச் சொல்வது? அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அழுத்திவிட்டார். கிடைத்தது, நன்றி என்று பத்திரிகையிலிருந்து உடனே பதில் வந்து விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவர் தடுப்பார் என்கிற தைரியத்தில்தான் அவள் அத்தனை உத்தமமாக எழுதியிருக்கிறாள். தடுத்திருந்தால் பாவம் அவரோடு போயிருக்கும், பட்டம் அவளுக்கு வந்திருக்கும். ஏழு வருடத்தில் அவள் சொன்ன எந்தப் பேச்சையும் கேட்காத மனிதன், இன்றைக்கென்று பார்த்துக் கேட்டுத் தொலைத்தார்.

"நீங்க தடுப்பீங்கன்னு நெனச்சேன் சார்," என்றாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"நீ வேணாம்னு சொல்லுவன்னுதாம்மா நான் இம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். திரும்பப் பெறுவதற்கு அதில் பொத்தான் எதுவும் இல்லை. நான்காவது பீரியடுக்கு மணி அடித்தது. அவளுக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பு இருந்தது, விடைத்தாள்களை இன்னும் திருத்தவில்லை.